செட்டிநாட்டு வீடுன்னா சினிமாவுக்கு பண்ணையார் வீடு, இல்லாட்டி பேய் வீடு தானா?

2025 ஆகஸ்ட் 2
(கேட்டது மதுரைத் தம்பி ஒருத்தர்)

காரைக்குடி பக்கம் எடுத்த படம்னாலே ரெண்டே வகை தான் கண்ணுல படுது. ஒண்ணு, மீசை வச்ச பண்ணையார் ஊஞ்சல்ல உக்காந்து தீர்ப்பு சொல்றாரு. இல்லாட்டி ராத்திரி 12 மணிக்கு கதவு தானா தொறக்குது. அந்த வீடுகள்ல நிஜமா மனுஷங்க குடியிருக்காங்களா? சமீபத்துல பார்த்த படத்துல எந்த வீடாவது உங்களுக்கு நிஜ வீடு மாதிரி தெரிஞ்சுதா? ஊர்க்காரங்க யாராவது சொல்லுங்க.

2025 ஆகஸ்ட் 3

நான் பள்ளத்தூர். மனோரமா பொறந்தது மன்னார்குடின்னாலும் வளர்ந்தது எங்க ஊரு, அவங்களை ஊரே ஆச்சின்னு கூப்பிட்டதுக்கு காரணமும் அது தான். அந்த ஊர்லேர்ந்து சொல்றேன்.

குடியிருக்காங்களான்னு கேட்டீங்க. என் பொறந்த வீட்டுல 11 புள்ளி. புள்ளின்னா கல்யாணம் ஆன ஒரு குடும்பம், கோயில் கணக்குல ஒரு வரி. 11 புள்ளிக்கும் ஆளுக்கொரு இரட்டை வீடு, அதாவது உள்ளறையும் வெளியறையும் ஒண்ணுக்குள்ள ஒண்ணா, ஆளுக்கொரு பூட்டு. இன்னைக்கு அங்க இருக்குறது 88 வயசு அப்பத்தா மட்டும் தான். நான் வாக்கப்பட்ட வீடு ரெண்டு தெரு தள்ளி, ராத்திரி வேலையெல்லாம் முடிச்சுட்டு அப்பத்தாவுக்குத் துணையா படுக்கப் போயிடுவேன். மத்தவங்க சென்னை, கோயமுத்தூர், சிங்கப்பூர், அமெரிக்கான்னு போயாச்சு. படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுறதுக்கு வருவாங்க, அந்த ரெண்டு நாள் வீடு வீடா இருக்கும்.

இப்ப படத்துக்கு வர்றேன். நேத்து ராத்திரி தான் அப்பத்தாவும் நானும் 3 பிஎச்கே பார்த்தோம். ஜூலை 4 வந்த படம், தியேட்டர்ல விட்டுட்டேன். சரத்குமார், தேவயானி, சித்தார்த். டைரக்டர் ஸ்ரீகணேஷ். ஒரு மனுஷன் வாடகை வீடு மாறி மாறி, சொந்தமா மூணு ரூம் வீடு ஒண்ணு வாங்கிடணும்னு வருஷக் கணக்கா அலையுறாரு, காசு சேரும்போதெல்லாம் மகன் படிப்புன்னும் மக கல்யாணம்னும் ஆஸ்பத்திரின்னும் கரைஞ்சு போயிடுது. பார்க்கப் பார்க்க எனக்கு தொண்டை அடைச்சுது. எங்களைச் சுத்தி 20 ரூம் பூட்டிக் கெடக்கு, அவங்களுக்கு மூணு கெடைக்கல. அப்பத்தா கேட்டாக, "இங்கன ஒரு எரட்டை வீட்டைத் தொறந்து விட்டா அந்தப் புள்ளைக இருந்துட்டுப் போகுமே" அப்புடின்னு. அவுகளுக்கு அது கதைன்னு தெரியும், தெரிஞ்சு தான் கேட்டாக.

என் பதில் அந்தப் படத்துல வர்ற வாடகை வீடுங்க தான். யாரு எங்க உக்காருவா, சண்டை வந்தா யாரு எந்த மூலைக்குப் போவான்னு பார்த்த கொஞ்ச நேரத்துலயே நமக்குப் பழகிடுது.

ஆகஸ்ட் 3, ராத்திரி

20 ரூம்னு போட்டது தப்பு. இப்ப சாவிக்கொத்தை வச்சுக்கிட்டு எண்ணிப் பார்த்தேன். சாமி அறை, சாமான் அறை, மேல் மாடி எல்லாம் சேர்த்தா 31.

ஆகஸ்ட் 7

ஏன் பேய் வீடு பேய் வீடுன்னு எடுக்குறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு. இதுல எனக்கு சொந்த வருத்தம் ஒண்ணு இருக்கு, சொல்லிடறேன்.

14 வருஷம் இருக்கும். ஒரு கம்பெனி, பேர் வேணாம், எங்க வீட்டுல 9 நாள் ஷூட்டிங் எடுத்தாங்க. பெரியப்பச்சி, அதாவது பெரியப்பா தான் பேசி விட்டாக. வாடகை கெடைச்சா மேக்கூரை ஓடு மாத்தலாம்ங்கறது தான் கணக்கு, நியாயமான கணக்கு. வந்தாங்க. வீடு போதுமான அளவுக்குப் பழசா இல்லைன்னு சொல்லி முகப்பு செவுத்துல சாம்பக் கலர் பெயிண்ட் அடிச்சுட்டாங்க. அது சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, கடுக்கா, வெல்லம் எல்லாம் போட்டு அரைச்சு, பூசி, கல்லை வச்சுத் தேய்ச்சுத் தேய்ச்சு மெருகு ஏத்துன செவுரு. கையை வச்சா கண்ணாடி, சித்திரை வெயில்லயும் சில்லுன்னு இருக்கும். சின்னப் புள்ளையில காய்ச்சல்னா கன்னத்தை அதுல ஒட்டி வச்சுக்கிட்டு நிப்போம். அதுல போயி பெயிண்ட். போகும்போது தின்னர் ஊத்தித் துடைச்சுக் குடுத்தாங்க, இப்ப ஆள் உசரத்துக்கு ஒரு இடம் சொரசொரன்னு நிக்குது. டிராலி ஓட்டுனதுல ஆத்தங்குடிக் கல்லு நாலு விரிஞ்சு போச்சு. ஆத்தங்குடிக்கே போய் அதே பூவு போட்ட கல்லு வாங்கி பதிச்சோம், அவங்க இன்னமும் கண்ணாடி மேல கலரை ஊத்திக் கையால தான் செய்யுறாங்க, ஆனா 80 வருஷம் காலு பட்டுப் பழகுன கல்லுக்குப் பக்கத்துல புதுக்கல்லு தனியாத் தான் தெரியும்.

அப்பறம் முத்தத்து நடுவுல அட்டையில துளசி மாடம் செஞ்சு வச்சாங்க. எங்க வீட்டு முத்தத்துல துளசி மாடம் கிடையாது. இருந்தா தான் வீடு மாதிரி தெரியும்னாங்க. அப்பத்தா அந்த ஒம்பது நாளும் ரெண்டாங்கட்டை, அதாவது வீட்டோட பின்கட்டை விட்டு வெளிய வரல.

படம் வந்துச்சு, ஓடல. எங்க வீடு அதுல மொத்தம் 20 நிமிஷம் இருக்கும். அந்த 20 நிமிஷத்துல ஒருத்தர் கூட அந்த வீட்டுல ஒரு டம்ளர் தண்ணி குடிக்கல.

ஆகஸ்ட் 8

நேத்து கோவத்துல எழுதிட்டேன், கோவம் நியாயம் தான், ஆனா தம்பி கேட்டதோட முக்கியமான பாதியை விட்டுட்டேன். பண்ணையார்.

இந்த வீட்டைக் கட்டுனவங்க நிலத்துல நெல்லு அளந்த பண்ணையாருங்க இல்ல. ரங்கூன், கொழும்பு, மலாயான்னு கொண்டுவிக்கப் போனவங்க, அதாவது அக்கரையில தொழில் பண்ணவங்க, வட்டிக்கடை வச்சவங்க. அங்க கடையில மேலாளு, அடுத்தாளு, பெட்டியடிப் பையன்னு வரிசை உண்டு, ஒரு கணக்குன்னா மூணு வருஷம். மூணு வருஷம் கழிச்சுத் தான் ஊருக்கு வர்றது. அப்ப வீட்டுல யாரு இருந்திருப்பா? பொம்பளைங்க, வயசானவங்க, புள்ளைங்க. தேக்கு பர்மாலேர்ந்து வந்துச்சு, சரி, அந்தத் தேக்குத் தூணுக்குக் கீழ உக்காந்து சம்பா நெல்லு அளந்து, கணக்கு எழுதி, வேலைக்காரங்களைப் பார்த்து, மக கல்யாணத்துக்குப் பாத்திரம் சேர்த்ததெல்லாம் ஆச்சிமாருங்க. சினிமாவுல அந்தத் தூண்ல சாஞ்சு துப்பாக்கியோட நிக்கிறது எப்பவும் ஆம்பளை. என் அப்பத்தாவோட மாமியார் பேரு சொன்னா இன்னைக்கும் பள்ளத்தூர்ல தெரிஞ்சவங்க இருக்காங்க, மாமனாரை யாரும் சரியாப் பார்த்தது கூட இல்ல.

இன்னொண்ணு. படத்துல 40 பேரு வரிசையா உக்காந்து ஒரே பந்தியில சாப்பிடுவாங்க, கூட்டுக் குடும்பம்னா அப்படின்னு. கல்யாணம் காரியம்னா அப்படித் தான். மத்த நாள் அப்படி இல்லவே இல்ல. எங்கள்ல மகனுக்குக் கல்யாணம் ஆன கொஞ்ச நாள்ல "வேறு வைக்கிறது"ன்னு உண்டு. அரிசி பருப்பு பாத்திரம் எல்லாம் குடுத்து தனி அடுப்பு வச்சு விட்டுடுவாங்க. ஒரே வீடு, ஒரே வளவு (உள்முத்தமும் அதைச் சுத்தின இடமும்), ஆனா ஆளுக்கொரு அடுப்பு, ஆளுக்கொரு செலவு. மாமியார் அடுப்புல மீன் கொழம்புன்னா மருமக அடுப்புல பருப்புத் துவையலா இருக்கும், கிண்ணம் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போயிட்டு வரும். சண்டையும் உண்டு, கிண்ணம் போறது நின்னா சண்டைன்னு அர்த்தம். இது எவ்வளவு நல்ல கதை! ஒருத்தராவது எடுக்கணும்னு எனக்கு ஆசை.

ஆகஸ்ட் 16

அண்ணன் புள்ளைங்க லீவுக்கு வந்திருந்தாங்க. ரஜினி படம் வந்திருக்கே, கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டேன். காரைக்குடி வரைக்கும் போயாச்சு, கவுண்டர்ல போன பிறகு தான் தெரியுது கூலிக்கு ஏ சர்டிபிகேட், 18க்குக் கீழ உள்ள விட மாட்டோம்னு. சின்னவனுக்கு 9 வயசு. அவன் முகத்தைப் பார்க்க முடியல. தியேட்டர்காரங்க மேல தப்பில்ல, சட்டம் அது, விசாரிக்காம கூட்டிட்டுப் போனது என் தப்பு. ரஜினி படம்னா குடும்பத்தோட போற படம்னு என் மனசுல 40 வருஷமா ஊறிப் போச்சு. இனிமே அப்படி நெனச்சுக் கிளம்ப முடியாது போல.

வீட்டுக்கு வந்து புள்ளைங்களோட டூரிஸ்ட் பேமிலி பார்த்தோம். சசிகுமார், சிம்ரன். மே 1 வந்தது, அபிஷன் ஜீவிந்துக்கு முதல் படமாம். இலங்கையில பொருளாதாரம் விழுந்து போனப்ப பொழைக்க வழியில்லாம ஒரு குடும்பம் படகேறி ராமேஸ்வரம் வந்து, அங்கேர்ந்து சென்னையில ஒரு காலனிக்குக் குடி வர்றாங்க. இலங்கைத் தமிழ் பேசக் கூடாது, பேசுனா மாட்டிக்குவோம்னு வாயைக் கட்டிக்கிட்டு இருக்காங்க. சின்னப் பையன் முள்ளி வர்ற இடமெல்லாம் எங்க பசங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்க. அந்தக் காலனியில ஒரு அம்மா இறந்து போற இடம் வருதே, அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியைப் பார்க்காதவங்க எல்லாம் ஒண்ணா வந்து நிக்கிற இடம், அங்க நான் எந்திரிச்சுப் போய் முகம் கழுவிட்டு வந்தேன். தம்பி கேட்ட கேள்விக்கு இதுவும் ஒரு பதில். காலனி முழுக்கவே ஒரு வீடாத் தெரிஞ்சுது.

அப்பத்தா கதையைக் கேட்டுட்டு, "நம்மளும் அப்புடி வந்தவுக தான" அப்புடின்னாக.

ஆகஸ்ட் 17

அப்பத்தா சொன்னதை இன்னைக்குக் காலையில விசாரிச்சேன். நான் நெனச்சது கொழும்பு. எங்க ஐயாவுக்கு அங்க செட்டியார் தெருவுல கடை இருந்துச்சு, கதிர்வேலாயுத சாமி கோயில் பக்கம், ஆடி வேலுக்கு வண்டி இழுத்த கதையெல்லாம் சொல்லுவாக. அப்பத்தா சொன்னது அதை இல்ல, பர்மாவை. 1942ல ஜப்பான்காரன் வந்தப்ப அப்பத்தாவோட அப்பச்சி, அதாவது அப்பா, கப்பல் கெடைக்காம நடந்தே வந்திருக்காக. ஊருக்கு வந்து சேர்ந்தப்ப வளவுல நின்னுக்கிட்டு இருந்த மகளுக்கு அடையாளம் தெரியல. அப்பத்தாவுக்கு அப்ப 5 வயசு. "யாரோ பிச்சைக்காரன்னு ஆத்தாவைக் கூப்புட்டேன்" அப்புடின்னாக.

இவ்வளவு வருஷம் ஒரே ரூம்ல படுக்குறேன், இதை எனக்கு சொன்னதில்ல. ஒரு படம் பார்த்த பிறகு தான் வருது.

ஆகஸ்ட் 24

மெய்யழகன் பத்தி ஏன் பேசலன்னு ரெண்டு பேர் கேட்டுட்டாங்க. போன வருஷம் செப்டம்பர் 27 வந்தது, வந்த வாரமே தியேட்டர்ல பார்த்தேன். என் கருத்து யாருக்கும் பிடிக்காது, பரவால்ல. நீளம். பேச்சு, பேச்சு, பேச்சு. 177 நிமிஷம் இருந்துச்சு அந்தப் படம். அரவிந்த்சாமி நல்லா பண்ணியிருக்காரு, கல்யாண மேடையில தங்கச்சிக்கு ஒவ்வொரு நகையாப் போட்டு விடுற இடம் அருமை, கொலுசு போடக் குனியும்போது ஹால்ல சத்தமே இல்ல. அதுக்கப்பறம் கார்த்தி பேச ஆரம்பிச்சாரு, எனக்குப் பொறுமை போயிடுச்சு.

ஆகஸ்ட் 25

சரி, சரி. நீளம்னு எல்லாரும் சொன்னதால தான் வந்து சில நாள்ல 18 நிமிஷம் போல வெட்டிட்டாங்க, அது எனக்கும் தெரியும். நான் பார்த்தது வெட்டுறதுக்கு முன்னாடி. திரும்பப் பாருங்கன்னு இத்தனை பேர் சொல்றதால பார்க்குறேன். அப்பத்தாவோட பார்க்குறேன்.

ஆகஸ்ட் 29

அது நடக்குறதுக்குள்ள வேற. பக்கத்து வீட்டுப் பையன் டிவியில லப்பர் பந்து போட்டான், உக்காந்துட்டேன். கிரிக்கெட் எனக்கு ஒரு ஓவருக்கு எத்தனை பந்துங்கறது வரைக்கும் தான் தெரியும். ஆனாலும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல நகரல. விளையாட்டுக்குப் போகாதன்னு சொல்லிச் சொல்லிக் கேக்காத புருஷன் மேல உள்ள கோவத்துல அந்தப் பொம்பளை டிராக்டரை எடுத்து பிட்ச்சை உழுதுட்டுப் போறாளே, ஸ்வாசிகா, அந்த ஒரு இடத்துக்காகவே நூறு தடவை பார்க்கலாம். எங்க ஊர்ப் பொட்டல்லயும் சாயங்காலம் ஆனா பந்து விளையாடுறாங்க, அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு இப்ப டிராக்டர் ஞாபகம் வருது.

தலைவன் தலைவி பார்த்தீங்களான்னும் ஒருத்தர். பார்த்தேன். விஜய் சேதுபதி, நித்யா மேனன் ரெண்டு பேரும் நல்லா பண்றாங்க, ஆனா ஒரே கத்தல், வெளிய வந்தப்ப காது அடைச்சுது. பரோட்டா மட்டும் சாப்பிடணும் போல இருந்துச்சு.

செப்டம்பர் 7

நேத்து மெய்யழகன் ரெண்டாவது தடவை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். முழுசா.

தியேட்டர்ல பார்த்தப்ப கார்த்தி பேசுறதை மட்டும் கேட்டிருக்கேன். இந்தத் தடவை அரவிந்த்சாமியைப் பார்த்தேன். சொத்துச் சண்டையில தஞ்சாவூர் வீட்டை விட்டு 1996ல கிளம்பிப் போன மனுஷன், இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு வர்றாரு. தன்கிட்ட இவ்வளவு பாசமா இருக்குறவன் யாருன்னே தெரியல, பேரு கேக்கவும் கூச்சம். கடைசி வரைக்கும் கேக்க முடியாம விடியக்காலையில சொல்லாம கொள்ளாம கிளம்பிடுறாரு. இவரு அந்த வீட்டுல விட்டுட்டு வந்த ஒரு சைக்கிள் அந்தப் பையனோட வாழ்க்கையையே மாத்தியிருக்கு. வீட்டை இழந்தவனுக்கு அது வலி. அந்த வீட்டுல அப்பறம் இருந்தவனுக்கு அந்த சைக்கிள் தான் வாழ்க்கை. ஒரே வீடு தான் ரெண்டு பேருக்கும். அவன் அவ்வளவு நேரம் பேசுனா தான் இவருக்குக் கூசும், பேச்சைக் குறைச்சா அது வராது. 177 நிமிஷமும் வேணும்னு இப்ப சொல்லுவேன்.

படம் முடிஞ்சு தூக்கம் வரல. ஏன்னா எங்க வீட்டுக்கும் அப்படி ஒருத்தர் வர்றாரு. வருஷா வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி ஓடு மாத்துறவர். எங்க அப்பச்சி காலத்துலேர்ந்து வர்றாரு, அப்ப சின்னப் பையனா அவங்க அப்பாவோட சேர்ந்து வந்தாரு. எந்தப் பத்தியில (தாழ்வாரத்துல) எந்த ஓடு ஒழுகும்னு அண்ணாந்து பார்க்காமலே சொல்லுவாரு. நான் சின்னப் புள்ளையா மாடிப்படியில விழுந்து பல்லு போனது அவருக்கு ஞாபகம் இருக்கு. நான் அவரை கொத்தனாரேன்னு தான் கூப்பிடுறேன். போன் நம்பர் கூட "ஓடு"ன்னு தான் போட்டு வச்சிருக்கேன்.

இன்னைக்குக் காலையில போன் பண்ணி பேரு கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு சொன்னாரு. பேரை இங்க போடல. போன்ல மாத்திட்டேன்.

செப்டம்பர் 8

எல்லாரும் அவர் என்ன சொன்னாருன்னு கேக்குறீங்க. பேரைச் சொல்லிட்டு, "என்னம்மா, வடக்குப் பத்தி ஒழுகுதா?"ன்னாரு. அவ்வளவு தான்.

செப்டம்பர் 20

நம்ம பக்கம் எடுத்த நல்ல படமே கிடையாதான்னு கேட்டவங்களுக்கு, இருக்கு. கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன். 2000ல வந்தது, ராஜீவ் மேனன். வந்தப்ப நாங்க வேன் வச்சு காரைக்குடிக்குப் போய் பார்த்தோம், நம்ம பக்கத்து வீடு ஸ்க்ரீன்ல வருதுன்னு ஒவ்வொரு கதவுக்கும் கை தட்டுனோம். கதையை யாரு பார்த்தா அப்ப.

போன வாரம் திரும்பப் பார்த்தேன். தாத்தா படுத்த படுக்கையா கெடக்காரு, அவரைக் கூட இருந்து பார்த்துக்கிட்டது மகளும் பேத்திகளும். அவர் போன பிறகு உயில் படிச்சா வீடு மகனுக்கு. அம்மாவும் மூணு பொண்ணுங்களும் பெட்டியைக் கட்டிக்கிட்டு சென்னைக்குப் போறாங்க. 25 வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல நான் தூணைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன். இப்ப தபு முகத்தைப் பார்த்தேன்.

என்கிட்ட 31 ரூம் சாவியும் இருக்கு. அங்க எனக்குப் புள்ளி கிடையாது. பொண்ணு புகுந்த வீட்டுப் புள்ளி தான், எங்க வழக்கம் அது, நான் அதை எதிர்த்துக் கேட்டதும் இல்ல, கேக்கப் போறதும் இல்ல. ஆனா அந்த சீன்ல ரிமோட்டை எடுத்து நிறுத்திட்டேன், அப்பத்தா என் கையைப் பிடிச்சுக்கிட்டாக. எதுவும் பேசிக்கல.

செப்டம்பர் 21

வேற பேச்சு பேசுவோம். அப்பத்தாவுக்கு நேத்து முழுக்க சினிமா ஞாபகம். ஏவிஎம் மொதல்ல எங்க இருந்துச்சுன்னு புள்ளைங்க யாருக்கும் தெரியல, கோடம்பாக்கம்ங்கறாங்க. ஏ.வி.மெய்யப்பன் 1907ல காரைக்குடியில பொறந்தவர். யுத்தம் முடியுற சமயத்துல தேவகோட்டை ரஸ்தாவுல இடத்தை எடுத்துக் கொட்டகை போட்டு ஸ்டுடியோ வச்சாரு. நாம் இருவர் அங்க எடுத்தது தான், 1947ல வந்துச்சு, டி.கே.பட்டம்மாள் பாடுன பாரதியார் பாட்டுக்கு குமாரி கமலா ஆடுவாங்க. 1948ல எல்லாத்தையும் கட்டிக்கிட்டு மெட்ராஸுக்குப் போயிட்டாங்க.

அப்பத்தாவோட அண்ணன் ஒருத்தர் சைக்கிளை எடுத்துக்கிட்டு அந்தக் கொட்டகையை எட்டிப் பார்க்கப் போவாராம். தன்னையும் கூட்டிட்டுப் போகச் சொல்லி அப்பத்தா அழுதிருக்காக, பொம்பளைப் புள்ளை வரக் கூடாதுன்னுட்டாங்க. அண்ணன் சாயங்காலம் வந்து வளவுல நின்னு அந்த ஆட்டத்தை ஆடிக் காமிச்சாராம். "அவுக ஆடுனதைத் தான் நான் மொதப் பார்த்தேன், படம் பெறகு தான்" அப்புடிங்கறாக. நேத்து ராத்திரி பத்து மணிக்குக் கட்டில்ல உக்காந்தபடி ரெண்டு கையையும் தூக்கி அந்த முத்திரையைக் காமிச்சாக. தியேட்டர்ல நான் பார்த்த எந்த சீனும் அதுக்கு ஈடில்ல.

அக்டோபர் 5

இட்லி கடை. தனுஷ் எடுத்து நடிச்சது, 1ஆம் தேதி வந்துச்சு, நேத்து போனேன். வெளிநாட்டுல பெரிய வேலையில இருக்குறவன் அப்பா போன பிறகு ஊருக்கு வந்து அவரோட இட்லிக் கடையை எடுத்து நடத்துறான். ராஜ்கிரண் அப்பா. முதல் பாதி மனசுக்கு இதமா இருந்துச்சு, ரெண்டாம் பாதியில சண்டையும் பணக்காரங்க கத்துறதும் அதிகம். அப்பாவை இவ்வளவு நல்லவராக் காட்டாம கொஞ்சம் கோவக்காரராக் காட்டியிருந்தா இன்னும் நம்பியிருப்பேன். ஆனா ஒருத்தன் கைப்பக்குவத்தைத் தேடி நாடு விட்டு நாடு வர்றது பொய்யில்ல. ஒரு சத்தியமான விஷயம் அது.

அப்பத்தா இன்னும் வெள்ளைப் பணியாரத்துக்கு அளந்து குடுக்குறாக. பச்சரிசி ஒரு உழக்கு தலைதட்டி, அந்த அரிசி மேலயே உளுந்தைக் கோபுரமாக் கொட்டி, நிக்கிற வரைக்கும் தான் கணக்கு. சரியுற உளுந்து கணக்குல இல்ல. நான் தராசுல நிறுத்து எழுதி வச்சுப் போட்டுப் பார்த்தேன், ஓரம் முறுகலா வரல. கோபுரம் அவுக கையில நிக்கிற மாதிரி என் கையில நிக்கல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் சீக்கிரமா சரியுது. பாக்க வந்த அமெரிக்கா அண்ணமிண்டி (அண்ணன் சம்சாரம்) வீடியோ எடுத்துட்டுப் போனாங்க. வீடியோவுலயும் அது எப்படின்னு புரியல.

அக்டோபர் 22

தீபாவளிக்கு நாலு புள்ளி வந்தாங்க. மழை. வளவுல தகரத்துலேர்ந்து அண்டாவுல தண்ணி விழுற சத்தம் ரெண்டு நாளா நிக்கல. ஓடு எல்லாம் போன மாசமே அவர் வந்து மாத்திட்டாரு, வடக்குப் பத்தி காஞ்சு கெடக்கு.

இந்த இழையை முடிச்சுடலாம்னு நெனச்சேன், அதுக்குள்ள ஒண்ணு நடந்துச்சு. திரும்ப ஒரு படத்துக்காரங்க வீடு பார்க்க வந்தாங்க. பங்காளிங்க குரூப்ல ஒரே பேச்சு. பெரிய அண்ணன் குடுக்கலாம்ங்கறாக, சிங்கப்பூர் தம்பி வேணாம்ங்கறான், கடைசியில "சாவி வச்சிருக்குறது அக்கா தான், அது சொல்றபடி"ன்னு போட்டுட்டாங்க. முகப்பு செவுத்துல கை வச்சு சொரசொரப்பு இருக்குற இடத்தைக் காட்டுனேன். ஆணி அடிக்கக் கூடாது, பெயிண்ட் கூடாது, டிராலிக்குக் கீழ சாக்கு விரிக்கணும், சாமி அறை தொறக்க மாட்டேன், முத்தத்துல துளசி மாடம் வைக்கக் கூடாது, எல்லாம் சொன்னேன். கூட வந்த பெரியவர் தலையாட்டிக்கிட்டே மாடியைப் பார்த்துக்கிட்டு இருந்தாரு. வேணாம்னு சொல்ல வாயெடுத்துட்டேன்.

அவரோட ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, உதவி இயக்குநராம், 24, 25 வயசு இருக்கும். தூணைப் பார்க்கல, மேல பார்க்கல. வளவுல நின்னு நாலு பக்கமும் கீழ பார்த்துட்டு, "ஆச்சி, இத்தனை குடும்பம் இருந்திருக்காங்க, ஆளுக்கு ஆளு எங்க வச்சு சமைச்சாங்க?"ன்னு கேட்டுச்சு.

ரெண்டாங்கட்டுலேர்ந்து அப்பத்தா குரல் வந்துச்சு. "அந்தப் புள்ளையை இங்கன வரச் சொல்லு." கம்பை ஊனிக்கிட்டு எந்திரிச்சு, ஒவ்வொரு அடுப்பு இருந்த இடமா காமிச்சுக்கிட்டே போனாக. பதினொண்ணும்.